யார் இட்ட பெயர்?

சென்னையினின்று அரக்கோணம் நோக்கிச் செல்லும் தொடர்வண்டி அம்பத்தூரைக் கடந்ததும் அடுத்து நிற்கும் ஊர் திருமுல்லைவாயில். முல்லை என்பது, பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது காட்டுக்கும் காடு சார்ந்த நிலத்துக்கும் இட்ட பெயர். வாயில் என்பது புகுமிடம். தொண்டைமான் ஒருவன் குறும்பரொடு பொருது மீள்கையில் அவன் யானையின் கால்களை முல்லைக்கொடி பின்னிப் பிணித்ததென்பது அவ்வூர்க் கோயிலின் பழங்கதை. சுந்தரர் தம் பதிகத்திலும் அச்செய்தியைக் குறித்துள்ளார். சீர்காழிப் பக்கத்தே இதே பெயரில் இன்னோர் ஊர் இருத்தலால் இதனை வடதிருமுல்லைவாயில் என்று வேறு பிரித்தும் வழங்குவர். கொடியும் காடும் போரும் பாட்டும் ஒருங்கே பொதிந்து கிடக்கும் பெயர் இது.

இப்பெயர் இன்று எந்நிலையில் உள்ளது? பேச்சு வழக்கில் 'வாயில்' என்பது 'வாயல்' எனத் திரிவது இயல்பே. குடவாயில் குடவாசல் ஆயிற்று. அண்ணல்வாயில் அன்னவாசல் ஆயிற்று. அவை தமிழின் உள்ளேயே நிகழ்ந்த திரிபுகள். அவற்றால் பொருள் கெடவில்லை. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டு அவ்வாயலை 'வோயல்' ஆக்கி வைத்துள்ளது. அவ்வெழுத்தைப் படித்து ஊர்ப்பெயரைப் பலுக்கும் இளையோர் வாயில் வாயிலும் இல்லை, வாசலும் இல்லை. பொருளற்ற ஓர் ஒலியே எஞ்சுகின்றது.

பெயரின் பொருள் மறைந்த இடத்தில் புனைகதை வந்து குடியேறும். அண்டையூராகிய ஆவடியின் பெயரைக் கேட்டால், அது கவச ஊர்திகளும் கிடங்கும் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டிச் செய்த பெயர் என்று படித்தவர்களே விடையிறுப்பர். ஆவடியிலுள்ள கனவூர்தித் தொழிலகம் 1961-இல் தொடங்கப்பெற்றது. அங்கிருந்து முதற் கவச ஊர்தி வெளிப்போந்தது 1965-இல். ஆனால் 1955 சனவரியிலேயே பேராயக் கட்சியின் மாநாடு ஆவடியில் கூடியது. குமுகாயப் பாங்குடைய அமைப்பைக் குறிக்கோளாகக் கொண்ட அதன் தீர்மானமும் ஆவடித் தீர்மானம் என்றே பெயர் பெற்றது. கவச ஊர்தி செய்யுமுன்பே இருந்த ஊர், கவச ஊர்தியால் பெயர் பெற்றதாம்! தன் ஊர்ப்பெயருக்குத் தமிழில் பொருள் இருக்கக்கூடும் என்னும் எண்ணமே எழாத உள்ளத்தில்தான் இத்தகைய கதை வேர்கொள்ளும்.

பெயர் என்பது வெறும் அடையாளமன்று. அதனை இட்டவன் யார் என்பதும் அப்பெயருள் அடங்கும். இவ்வுண்மையைத் தெளிவுற அறிய ஐரோப்பிய நாடுகளின் பெயர்களைப் பார்த்தல் நன்று. திருமுல்லைவாயிற் பள்ளியில் படிக்கும் சிறுவன் நிலப்படத்தில் 'செருமனி' என்று படிக்கின்றான். அந்நாட்டு மக்கள் தம் நாட்டை அப்பெயரால் அழைப்பதில்லை என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. செருமனி என்பது உரோமர் வழங்கிய பெயர். ஆங்கிலர் அதனை எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் அந்நாட்டை 'அல்மாஞ்' என்பர். அது இரைன் ஆற்றின் மேற்பகுதியில் தமக்கு அண்மையில் வாழ்ந்த அலமன்னி என்னும் ஒரு குழுவின் பெயர். பின்னியர் 'சக்சா' என்பர். அது சாக்சன் குழுவின் பெயர். போலந்தினர் 'நியெம்த்சி' என்பர். அதன் வேர் ஊமை என்னும் பொருள் தரும் சொல். தம் மொழி பேசாதவன் ஊமை என்று கருதிய காலத்துப் பெயர் அது.

ஒரே மக்களுக்கு இத்தனை பெயர்கள். இவற்றுள் ஒன்றுகூட அவர்களே தமக்கு இட்டுக்கொண்டதன்று. அவர்கள் தம் நாட்டைத் 'தாய்ச்சுலாந்து' என்பர். 'தாய்ச்சு' என்பதன் பழவடிவம் 'தியுதிசுக்' என்பது. மக்களுக்குரியது என்பது அதன் பொருள். அச்சொல் முதலில் குறித்தது நாட்டையன்று, குலத்தையுமன்று, மொழியையே குறித்தது. கோயிலிலும் அரசவையிலும் இலத்தீன் கோலோச்சிய காலத்தில், பொதுமக்கள் பேசிய மொழி இது என்று வேறுபடுத்திக் காட்டப் பிறந்த சொல் அது. அதன் இலத்தீன் வடிவம் 786-ஆம் ஆண்டின் மடல் ஒன்றிலேயே காணப்படுகின்றது. மொழிக்கு இட்ட பெயர் பின்னர் மக்களுக்கு ஆயிற்று. மக்களின் பெயர் நாட்டுக்கு ஆயிற்று. மேலாண்மை செய்த அயன்மொழிக்கு எதிரே தன் மொழியை நிறுத்தி, அம்மொழியாலேயே தன் நாட்டுக்குப் பெயர் கண்டது அவ்வினம். தமிழ்நாடு என்னும் பெயரை உடையவர்கள் இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கவேண்டும்.

ஏனைய ஐரோப்பிய நாட்டுப் பெயர்களை ஆராய்வார்க்குத் தொல்காப்பியமே ஒரு கருவி தருகின்றது. மாந்தர்க்கு வழங்கும் பெயர்களை வகைப்படுத்துங்கால் ஆசிரியர் தொல்காப்பியர் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர் என்று தொடங்கி அடுக்குவார். ஐரோப்பியப் பெயர்களுட் பெரும்பாலானவை முதலிரு வகைகளிலேயே அடங்கிவிடும்.

நெதர்லாந்து என்பது தாழ்நிலம். கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தைக் கரை கட்டிக் காத்து வாழும் நாட்டுக்கு அதனினும் பொருந்திய பெயர் இல்லை. போலந்து என்பது வயல்வாழ்நர் எனப் பொருள்படும் பொலானியர் நாடு. தமிழர் மருதநிலத்து மக்கள் என்பதை ஒத்தது. மாண்டிநீக்ரோ என்பது கருமலை. தன் மொழியில் அந்நாடு 'திசர்னா கோரா' என்றே வழங்கும். வெனிசு நகரத்தார் செய்த மொழிபெயர்ப்பே உலகெங்கும் பரவிற்று. ஆசுதிரியா என்பது கிழக்கு நாடு. 996-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் 'ஓசுதாரிக்கி' என்று முதன்முதலாகக் காணப்படும் பெயரின் இலத்தீன் வடிவம் அது. இவை நிலப்பெயர்கள். இங்கிலாந்து, ஆங்கிலர் என்னும் குழுவின் நாடு. அக்குழு புறப்பட்ட ஆங்கெல்ன் என்னும் நிலப்பகுதி இன்று செருமனியின் வடகோடியில் உள்ளது. பிரான்சு, பிராங்கர் என்னும் குடியின் நாடு. இவை குடிப்பெயர்கள்.

பிரான்சின் பெயரில் வேறோர் உண்மையும் உண்டு. பிராங்கர் செருமானியக் கிளைமொழி ஒன்றைப் பேசியவர்கள். அவர்கள் வென்று ஆண்ட நாட்டிலோ, வெல்லப்பட்டோர் பேசிய இலத்தீன்வழி மொழியே நிலைத்தது. ஆண்டவன் பெயர் நாட்டுக்கு ஆயிற்று. அவன் மொழி மண்ணுக்குள் போயிற்று.

இதனினும் கொடியது பிரசியரின் வரலாறு. பால்திக் கடற்கரையில் வாழ்ந்த பழம்பிரசியர், இலித்துவேனியருக்கு உறவான தனிமொழி ஒன்றைப் பேசியவர்கள். செருமானியப் படைத்துறவியர் அவர்களை வென்றனர். 16-ஆம் நூற்றாண்டில் அம்மொழியில் சில கிறித்தவச் சமயநூல்கள் அச்சாயின. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அம்மொழி பேசுவார் இலராயினர். அதே காலத்தில், 1701-இல், செருமானியர் ஆண்ட ஓர் அரசு பிரசிய அரசு என்று முடிசூட்டிக்கொண்டது. உலகை நடுக்கிய பிரசியப் படையில் பிரசிய மொழி இல்லை. அவ்வரசும் 1947-இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. பெயரை மட்டும் காத்து மொழியை விட்டுவிட்ட இனத்தின் கதி இஃது. தமிழ்நாடு என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு, வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழை வெளியே நிறுத்துவோர் இதனை எண்ணுக.

இதற்கு நேர்மாறானது வேல்சு மக்களின் வரலாறு. வேல்சு என்னும் பெயருக்கு அயலார் என்பதே பொருள். அந்நாட்டின் பழங்குடிகளைப் பார்த்து, பின்னே வந்து குடியேறிய ஆங்கிலர் 'அயலார்' என்றனர்! வந்தவன் வீட்டுக்காரனை விருந்தாளி என்றான். உலகமும் அதையே எழுதிக்கொண்டது. ஆனால் அம்மக்கள் தம் நாட்டைக் 'கும்ரி' என்றே அழைத்தனர். ஒரே நாட்டார் எனப் பொருள்படும் பழஞ்சொல்லினின்று வந்தது அது. நூற்றாண்டுகள் பல ஆங்கில ஆட்சியின்கீழ் இருந்தும் அப்பெயரையும் மொழியையும் அவர்கள் கைவிட்டாரல்லர். 2011-இல் அம்மொழி அங்கு ஆட்சிமொழி நிலையைச் சட்டத்தாலேயே பெற்றது. 2022-இல் அந்நாட்டின் உயர்ந்த மலையின் ஆங்கிலப் பெயரை நீக்கி, தம் மொழியின் பெயரையே வழங்குவதென அம்மலைப்பகுதியின் காப்பு அமைப்பினர் முடிவு செய்தனர். மலை மாறவில்லை, அதனை அழைக்கும் உரிமை வீடு திரும்பிற்று.

இப்பாடங்கள் தமிழர்க்கு அயலானவையல்ல. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலின் முகப்பில், போர்த்துகேசியர் தமிழை 'மலவார்' மொழி என்றும் குறித்தனர். ஈழத்தில் ஆங்கில ஆட்சியார் 19-ஆம் நூற்றாண்டிலும் தமிழரை 'மலபார்கள்' என்று எழுதினர். மேற்குக் கரையில் முதலில் இறங்கியவன் அக்கரையின் பெயரை இனத்துக்கே சூட்டினான். தெலுங்கர் தமிழை 'அரவம்' என்பர். எல்லையை அடுத்திருந்த அருவா நாட்டின் பெயரே அங்ஙனம் விரிந்தது என்று கருதும் அறிஞர் உளர். கன்னடர் 'திகுளர்' என்பர். அலமன்னியின் பெயரைச் செருமனி முழுமைக்கும் பிரெஞ்சுக்காரர் சூட்டியது எவ்வாறோ, அவ்வாறே இதுவும்.

தமிழரும் பிறர்க்கு இதையே செய்தனர் என்பதை மறைத்தல் நடுநிலையாகாது. முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டவர்களைக் கழகப் பாடல்கள் யவனர் என்னும். அயோனியர் என்னும் ஒரு கிரேக்கக் கிளையாரின் பெயர், பாரசீகர் வழியாகவும் வடவர் வழியாகவும் தமிழகம் வந்து, கிரேக்கர் உரோமர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. திருமுல்லைவாயில் அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியவர்களைத் தமிழர் ஒல்லாந்தர் என்றனர். ஒல்லாந்து என்பது நெதர்லாந்தின் ஒரு பகுதி மட்டுமே. அவ்வொல்லாந்தரும் பிற ஐரோப்பியரும் பழவேற்காட்டைப் 'புலிகாட்' ஆக்கினர். சோழமண்டலத்தைக் 'கொரமாண்டல்' ஆக்கினர். இரு சாராரும் ஒருவர் பெயரை ஒருவர் சிதைத்தனர். ஆயின் வேறுபாடு ஒன்றுண்டு. நெதர்லாந்தினர் தமிழன் வழங்கிய பெயரைத் தம் ஊர்ப்பலகையில் எழுதிக்கொள்ளவில்லை. தமிழனோ, ஐரோப்பியன் சிதைத்த பெயரையே தன் ஊர்ப்பலகையில் எழுதிக்கொண்டான். 2020 சனவரி முதல் நெதர்லாந்து அரசு ஒல்லாந்து என்னும் பெயரைத் தன் விளம்பரங்களிலிருந்தும் நீக்கிவிட்டது. பகுதியின் பெயர் முழுமைக்கு ஆகாது என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு அது.

தமிழ்நாடு என்னும் பெயர் எளிதில் வந்ததா? 1956 சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், தமிழ்நாடு என்று பெயரிடுவதையும் ஒரு கோரிக்கையாக வைத்து, நோன்பிருந்து அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். அதன்பின் ஏறத்தாழப் பதினோராண்டு கழிந்தே, 1967 சூலை 18-இல், சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. தலைநகரின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை ஆவதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மொழியால் பெயர் பெற்ற நாடு என்னும் சிறப்பு, ஓர் உயிரை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது.

பெயர்ச்சிதைவை நீக்குதற்கு அரசு ஒரு முயற்சி செய்யாமலில்லை. 2020 சூன் திங்களில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் ஆணை வெளிவந்தது. அப்போது தமிழ் வளர்ச்சித் துறையின் அமைச்சராக இருந்தவர் ஆவடித் தொகுதியின் உறுப்பினரே. நோக்கம் நன்று, செய்த முறை நன்றன்று. வேலூருக்கு இட்ட எழுத்துக்கூட்டை ஆங்கிலம் அறிந்தோர் 'வீலூர்' என்றே படித்தனர். நகையாடல் எழுந்தது; ஆணை அத்திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஒலிப்பியல் அறிந்த வல்லுநரைக் கொண்டு ஒரே சீரான நெறியை முன்னர் வகுத்து, பின்னர் ஊர் ஊராக அதனைப் பொருத்தியிருப்பின் இவ்விழிவு நேர்ந்திராது. நல்ல பணியை அரைகுறையாகச் செய்தல், அதனைச் செய்யாது விடுதலினும் கேடு தரும். அடுத்து முயல்வார்க்கும் அது தடையாகி நிற்கும்.

இதே எச்சரிக்கை தமிழ்ப் பற்றாளர்க்கும் உரியது. ஐரோப்பிய நாட்டுப் பெயர் ஒவ்வொன்றையும் எடுத்து, அதன் ஒலிக்கு இசைந்த தமிழ்ச்சொல் ஒன்றைத் தேடி ஒட்டி, அந்நாடும் தமிழன் பெயரிட்டதே என்று மகிழும் போக்கு சிலரிடம் உண்டு. அது பற்றின்பாற் பட்டதாயினும் ஆய்வின்பாற் பட்டதன்று. ஒலியொப்புமை எத்துணை ஏமாற்றும் என்பதற்கு இரு பெயர்களே போதும். ஆசுதிரியாவும் ஆத்திரேலியாவும் கேட்பார்க்கு உடன்பிறந்தன போல் தோன்றும். முன்னது கிழக்கு என்னும் செருமானியச் சொல்லினின்று வந்தது. பின்னது தெற்கு என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. ஒரே கண்டத்து மொழிகளிடையேயும் ஒலி இங்ஙனம் ஏமாற்றுமாயின், கடல் கடந்து ஒட்டும் சொற்களின் நிலை என்னாம்? ஆவடிக்கு ஆங்கில முதலெழுத்துகளைத் தேடுவதும் ஐரோப்பாவுக்குத் தமிழ் வேரைத் தேடுவதும் ஒரே பிழையின் இரு முகங்களே. இரண்டும் ஆவணத்தைப் பார்ப்பதில்லை, காலத்தைப் பார்ப்பதில்லை, காதை மட்டும் நம்புகின்றன.

தமிழின் பெருமைக்குப் புனைவு வேண்டா. கட்டுமரம் என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து இன்றும் உலகக் கடல்களில் மிதக்கின்றது. சுருட்டு என்பதும் ஆங்கிலத்திற் புகுந்தது. இவற்றுக்கு அம்மொழிகளின் அகரமுதலிகளே சான்று தருகின்றன. சான்றுள்ள சிறு செய்தி, சான்றில்லாப் பெரும் செய்தியினும் வலியது. ஒரு பொய்யைப் பகைவன் கண்டு காட்டுவானாயின், அதனோடு சேர்த்துப் பத்து மெய்களையும் உலகம் தள்ளிவிடும். தமிழ் வேர்ச்சொல்லாய்வு எள்ளப்படுவதற்கு இடங்கொடுப்போர் அதன் பகைவரல்லர். அளவிறந்த அன்புடையவரே என்பதுதான் வருந்தத்தக்கது.

ஆகவே செய்யத்தக்கவை தொலைவில் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் உள்ள கோயிற் கல்வெட்டுகளிலும் பதிகங்களிலும் பழைய நில ஆவணங்களிலும் அவ்வூர்ப்பெயர் எவ்வடிவில் வருகின்றது என்பதை அவ்வூர் இளைஞரே தொகுத்தல் வேண்டும். அவ்வடிவம் பள்ளிச் சுவரில் பொருளோடு எழுதப்படல் வேண்டும். கடைப்பலகையிலும் மடல் முகவரியிலும் முதலெழுத்தாகத் தமிழ் நிற்றல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுத நேரும்போதும் தமிழ் ஒலிப்பே அதனை ஆளுதல் வேண்டும். நிலப்படம் கற்பிக்கும் ஆசிரியர், செருமனி என்று சொல்லிக்கொடுத்தபின், அம்மக்கள் தம் நாட்டைத் தாய்ச்சுலாந்து என்பர் என்று ஒரு தொடர் கூடுதலாகச் சொன்னாற் போதும். பிறர் இட்ட பெயர் வேறு, தான் இட்ட பெயர் வேறு என்பது மாணவன் நெஞ்சில் பதிந்துவிடும். பதிந்தபின், தன் ஊர்ப்பெயரை அவனே கேட்கத் தொடங்குவான்.

அக்கேள்வி எழும் நாளில், திருமுல்லைவாயில் நிலையத்தில் இறங்கும் மாணவன் ஒருவன் அங்குள்ள பெயர்ப்பலகையின் முன் சிறிது நிற்பான். முல்லை எங்கே பூத்தது, வாயில் எதற்கு வாயில் என்று வினவுவான். விடை சொல்ல அவ்வூரில் ஒருவராவது இருத்தல் வேண்டும். பழம்பிரசிய மொழியில் அங்ஙனம் கேட்க ஒருவனும் இல்லை. கேட்டால் விடை சொல்லவும் ஒருவனும் இல்லை. தமிழில் இன்னும் இருவரும் உளர்.